மிதுனாவின் கவனம்

ஜூன் 12, புதன்

பள்ளி திறந்து மூன்றாவது நாள். கூடம் முழுக்க அழுகை. ஒரு பையன் அவன் அம்மாவின் துப்பட்டா நுனியை விடாமல் பிடித்துக்கொண்டு வாசல்வரை இழுபட்டுப் போனான். பல்லடத்தில் காற்றுக் காலமும் தொடங்கிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் துடைக்கும் துணிகள் அலமாரியை விட்டுப் பறக்கின்றன, மூடினால் புழுங்குகிறது. திறப்பதும் மூடுவதுமாகவே பாதி நாள் போயிற்று.

இந்த வருடம்தான் எனக்கென்று தனி வகுப்புக் கூடம். "ஆகஸ்டு வரைக்கும் பாப்போம் தாரிணி," என்றார் எஸ்தர் மேடம். பள்ளி அவருடையது. ஆகஸ்டில் சென்னைப் பயிற்சி மையத்திலிருந்து இருவர் வருகிறார்கள். ஒரு குழந்தையைத் தொடர்ந்து பார்த்து, அது தன் கைகளால் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று அவர்கள் முன் நான் பேச வேண்டும். வேலை நிரந்தரமாவது அதைப் பொறுத்தது.

இதைச் சொன்னதும் அண்ணி சிரித்தாள். "எம்.ஏ. படிச்சு, அதுக்கு மேல ஆராய்ச்சின்னு போயி, அதையும் பாதில விட்டுட்டு, இப்ப டம்ளர்ல தண்ணி ஊத்தச் சொல்லிக் குடுக்கறயாக்கும்?"

"சிந்தாம ஊத்தணும் அண்ணி. அதுதான் பாடம்."

"அப்ப உங்கண்ணனையும் சேத்திக்க அம்மிணி. இத்தன வயசாகியும் சாம்பாரச் சிந்தாம ஊத்தத் தெரியல."

புதியவர்களில் அழாதவள் ஒருத்திதான். மிதுனா, நான்கு வயது. அவள் அம்மா பூங்கொடி வாசலில் நின்று, சாயங்காலம் வருவதாக விரல்களால் ஏதோ காட்டினாள். மிதுனா தலையாட்டிவிட்டு நேரே அலமாரிக்குப் போய் உருளைக் கட்டையை எடுத்தாள். நீண்ட மரக்கட்டையில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொன்றிலும் அதற்கு மட்டுமே பொருந்தும் ஓர் உருளை, தலையில் பிடித்துத் தூக்க ஒரு குமிழ். எல்லாவற்றையும் எடுத்துக் கலைத்துவிட்டு மறுபடி அதனதன் குழியில் இறக்க வேண்டும். ஒன்றைத் தவறாகப் போட்டாலும் கடைசி உருளைக்கு இடம் இருக்காது. யாரும் தவறைச் சுட்டிக் காட்ட வேண்டியதில்லை, கட்டையே காட்டிவிடும்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை செய்து காட்டினேன். மெதுவாக, பேசாமல். எங்கள் முறையில் அப்படித்தான். கையும் வாயும் சேர்ந்து ஓடினால் குழந்தைக்கு எதைப் பார்ப்பதென்று தெரியாது. மிதுனா என் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு தானே தொடங்கியவள், சாப்பாட்டு மணி அடித்தபோதும் எழவில்லை, மற்றவர்கள் கை கழுவப் போவதைப் பார்த்துத்தான் எழுந்தாள்.

ஜூன் 14, வெள்ளி

ஊற்றும் வேலைக்கு வைத்திருந்த கண்ணாடிக் குவளைகளில் இரண்டு உடைந்தன. "பிளாஸ்டிக் வச்சுக்கலாமே மிஸ்," என்றார் ஒரு அப்பா. உடையாத பொருளை வைத்துக்கொண்டு கை எப்படிப் பதமாகப் பிடிக்கக் கற்கும் என்று கேட்டுவிட்டேன். அதிகப்படியாகப் பேசிவிட்டேனோ என்று மாலைவரை மனம் அரித்தது. உண்மையில் அந்தக் கேள்வி என்னுடையதும் அல்ல, பயிற்சியில் கேட்டது.

ஜூன் 20, வியாழன்

பயிற்சி வகுப்பில் ஒரு சம்பவம் சொல்வார்கள். வேலையில் மூழ்கிப்போன ஒரு சிறுமி. சுற்றிலும் குழந்தைகள் பாடுகிறார்கள், அவளை நாற்காலியோடு தூக்கி மேசை மேல் வைக்கிறார்கள். அவள் உருளைகளை விட்டு நிமிரவே இல்லை. இந்த முறையே அந்தச் சிறுமியிடமிருந்துதான் பிறந்தது என்பது போலச் சொல்வார்கள். கேட்டபோது நான் முழுதாக நம்பவில்லை. படித்த பழக்கம், எதையும் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்வேன்.

இன்று எவர்சில்வர் டம்ளர்கள் அடுக்கிய தட்டு என் கை தவறிக் கீழே விழுந்தது. கூடமே அதிர்ந்து திரும்பியது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த எஸ்தர் மேடம் ஓடிவந்தார். மிதுனா மட்டும் திரும்பவில்லை. என் காலடியில் ஒரு டம்ளர் உருண்டுகொண்டிருக்க, அவள் மிக மெல்லிய உருளையைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள்.

மேடம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா? தவசி மாதிரி இருக்கா!"

டம்ளர்களைப் பொறுக்கி அடுக்கினேன். ஆகஸ்டுக்கான குழந்தை கிடைத்துவிட்டாள்.

ஜூன் 26, புதன்

மிதுனாவுக்கு உப்புத்தாள் எழுத்துகளைத் தொடங்கினேன். பலகையில் ஒட்டிய சொரசொரப்பான எழுத்தை இரண்டு விரலால் தடவியபடி ஒலியைச் சொல்ல வேண்டும். விரல் எழுத்தை அழகாகப் பின்பற்றுகிறது. ஆனால் கண் பலகையில் இல்லை, என் வாயில் இருக்கிறது. எழுத்தைப் பார் என்று முகத்தைத் திருப்பிவிட்டேன். மறுபடி என் வாய். இவ்வளவு சீக்கிரம் என்னிடம் ஒட்டிக்கொண்டாளே என்று இருந்தது.

ஆஃப்ரினைக் கண்டிக்க வேண்டியதாயிற்று. ஐந்து வயது, கூடத்துக்கே நாட்டாமை. மிதுனா வேலையாக இருக்கும்போதெல்லாம் போய்த் தோளைத் தட்டுகிறாள். வேலை செய்கிறவரைத் தொடக்கூடாது, அது இங்கே முதல் விதி.

"இல்லக்கா, பென்சில் வேணுமான்னு கேட்டேன்."

"வாயால கேளு. தொட்டுக் கலைக்காதே."

ஆஃப்ரின் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

ஜூலை 1, திங்கள்

காற்று. மாடியில் காயப்போட்ட பாய்கள் பக்கத்து வீட்டுத் தென்னையில் தொங்கின.

ஜூலை 5, வெள்ளி

புதிய குழந்தைகளின் வீட்டுக்கு ஒருமுறை போய் வருவது எங்கள் பள்ளி வழக்கம். இன்று மிதுனா வீடு. தறிக்கூடத்தின் பின்பக்கமே வீடு. விசைத்தறிகள் ஓட ஓடச் சுவர் லேசாக அதிர்ந்தது. டீ டம்ளரைத் தரையில் வைத்தால் அதில் வட்டம் வட்டமாக அலை.

"மிதுனா ரொம்பக் கவனமான குழந்தை!" என்று கத்தினேன்.

"என்னுங்க?"

"இப்படியொரு கவனத்த நான் பாத்ததே இல்ல!"

பூங்கொடியின் முகம் மலர்ந்தது. "ஆமாங்க மிஸ்! தறிக்குப் பக்கத்துலயே தூங்குவாளுங்க! பெரியவன்தான் சத்தம் சத்தம்னு மூஞ்சியச் சுளிப்பான். இவளுக்கு ஒண்ணுமே இல்லீங்க!"

அந்த வீட்டில் கைகள்தான் பேசுகின்றன. வாய்க்கு நேரே விரல் குவித்தால் சாப்பாடு, கன்னத்தில் கை வைத்தால் தூக்கம். மற்றதெல்லாம் கத்தல். இந்த இரைச்சலில் வளர்ந்தவள் எங்கள் கூடத்தின் அமைதியைத் தாகத்தோடு குடிக்கிறாள் என்று தோன்றியது. ஆகஸ்டில் சொல்ல நல்ல வாக்கியம்.

ஜூலை 9, செவ்வாய்

மிதுனாவைப் பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. கையில் உருளை இருந்தது.

ஜூலை 10, புதன்

மறுபடி கூப்பிட்டேன். ஜன்னலருகே நின்றிருந்தாள். திரும்பவில்லை. கையில் எதுவும் இல்லை.

ஜூலை 11, வியாழன்

அலமாரிகளைத் துடைத்தேன். மணிகளை நிறவாரியாகப் பிரித்தேன். பொத்தான் மாட்டும் சட்டத்தில் இரண்டு பொத்தான் தளர்ந்திருந்தன, தைத்தேன். மிதுனாவுக்குச் சளி. சளி பிடித்தால் குழந்தைகள் மந்தமாகத்தான் இருப்பார்கள்.

அண்ணி கேட்டாள், "என்ன அம்மிணி, ஒரே தோசைய மூணு தடவ திருப்பிப் போடற?"

ஜூலை 15, திங்கள்

மௌன விளையாட்டு. குழந்தைகள் தரையில் அசையாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். ரகசியக் குரலில் யார் பெயர் வருகிறதோ அவர் ஓசையில்லாமல் எழுந்து போக வேண்டும். இதுவரை நான் அவர்கள் எதிரில் நின்றே பெயர்களைச் சொல்லி வந்தேன். இன்று எஸ்தர் மேடம் நடத்தினார். "கதவுக்குப் பின்னாடி நின்னு கூப்பிடணும்மா. பிள்ளைங்க கண்ண மூடிக்கணும். காது மட்டும் வேலை செய்யணும்."

ஒவ்வொரு பெயராக வந்தது. ஒவ்வொருவராக, பாதம் பதியாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். கடைசியில் கூடத்தில் மிதுனா மட்டும் இருந்தாள். கண்களை இறுக மூடி, கைகளை முழங்காலில் வைத்து, விளையாட்டை நன்றாக ஆடுகிற பெருமையோடு.

"மிதுனா," என்றார் மேடம். இன்னொரு முறை. பிறகு ரகசியக் குரலை விட்டுவிட்டுச் சாதாரணமாக. பிறகு நான் கூப்பிட்டேன்.

ஆஃப்ரின் என் புடவையை இழுத்தாள். "அக்கா, அவளத் தொட்டாத்தான் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கூப்பிடறது. நாங்கெல்லாம் தொட்டுத்தான் கூப்பிடுவோம். நீங்கதான் தொடக்கூடாதுன்னு திட்டுனீங்க."

சொல்லிவிட்டு அவளே ஓடிப்போய் மிதுனாவின் தோளைத் தொட்டாள். மிதுனா கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் யாரும் இல்லை. தன்னை விட்டுவிட்டு எல்லோரும் எப்போது போனார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் அழுது இன்றுதான் பார்க்கிறேன்.

ஜூலை 16, செவ்வாய்

எஸ்தர் மேடத்தின் அறையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

"சளியா இருக்கலாம், வேற எதாவதும் இருக்கலாம்," என்றார். "நாம டாக்டர் இல்ல. அதுக்காகச் சொல்லாம இருக்கவும் முடியாது. உன் கூடத்துப் பிள்ளை, எப்பச் சொல்றதுன்னு நீ பாத்துக்கோ."

அவசரப்பட்டு ஒரு தாயைக் கலங்கடிக்கக் கூடாது என்று மேடம் நினைக்கிறார். கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார். சளி குறையட்டும். ஆகஸ்டு ஏழாம் தேதி பயிற்சி மையத்தார் வருகிறார்கள். அதற்குப் பிறகு நிதானமாகப் பேசலாம்.

ஜூலை 19, வெள்ளி

எந்தப் புத்தகமும் ஓடவில்லை. திறந்தேன், மூடினேன், அடுத்ததை எடுத்தேன். மாலையில் மிதுனாவை அழைத்துப் போகப் பூங்கொடி வந்தாள். "இன்னிக்கும் சமத்தா இருந்தாளுங்களா மிஸ்?" இருந்தாள் என்றேன்.

ஜூலை 22, திங்கள்

காலைப் பாட்டு. மழை வந்தது, வாய்க்கால் நிறைந்தது என்று போகும், கையசைவோடு. எப்போதும் நான் எதிரில் நின்று பாடுவேன். எதிரிலிருந்து பார்த்தால் மிதுனாவும் பாடுவாள், எல்லா வரியும், கையசைவு ஒன்றுகூடத் தப்பாமல். இன்று வரிசைக்குப் பின்னால் போய் அவள் பக்கத்தில் குனிந்தேன்.

குரலே இல்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. எல்லோர் வாயும் திறக்கும்போது அவளும் திறந்தாள், மூடும்போது மூடினாள். பாட்டு என்றால் இதுதான் என்று நினைத்திருக்கிறாள்.

நாளை போகிறேன். ஆகஸ்டு ஏழு எக்கேடும் கெடட்டும்.

ஜூலை 23, செவ்வாய்

இப்படி ஒரு செய்தியைத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"மிதுனாவுக்குக் காது சரியாக் கேக்கலைன்னு தோணுதுங்க!"

"என்னுங்க?"

"காது! கேக்கல!"

பூங்கொடி காபித் தூக்கைக் கீழே வைத்தாள். "எம்புள்ளையச் செவிடுங்கறீங்களா?"

"டாக்டர்கிட்டக் காட்டிடலாம்னு..."

"போன தடவ இதே எடத்துல நின்னு என்ன சொன்னீங்க? இப்பிடியொரு கவனத்தப் பாத்ததே இல்லன்னீங்க. நாத்தனாருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னனுங்க. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். இப்ப வந்து இப்பிடிச் சொல்றீங்க. எதைங்க நான் நம்பறது?"

"அப்ப சொன்னது தப்புங்க. எனக்குத்தான் தெரியல."

தறியைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"ஓடற தறியவா? அவரு வைவாருங்க." ஆனால் உள்ளே போனாள். ஒவ்வொன்றாகத் தறிகள் நின்றன. தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு அவள் கணவர் வெளியே வந்தார். "என்னாச்சு, கரண்டு போச்சா?"

அந்த வீட்டில் அமைதி வந்ததும் காற்றின் ஓசை கேட்டது. மிதுனா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காலி நூல்குழல்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"மிதுனா," என்றாள் பூங்கொடி, சாதாரணக் குரலில். இந்த வீட்டில் அந்தக் குரலுக்கு வேலையே இருந்திருக்காது. "சாமி, இங்க பாரு."

நூல்குழல் ஒன்று கூடுதலாக நின்றது.

"கண்ணு," என்றார் அப்பா, இரண்டடி முன்னால் வந்து.

பூங்கொடியின் குரல் உடைந்து அலறலாக வந்தது. "மிதுனா!"

மிதுனா திரும்பிச் சிரித்தாள். முதல் தடவையாகக் கூப்பிட்டது போல.

பூங்கொடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கணவர் தறிக்கூடத்தின் பக்கம் திரும்பினார். "தறியப் போடாதீங்க," என்றாள். "இன்னொருக்கா கூப்பிடுங்க. அங்க நின்னு கூப்பிடுங்க. இப்ப இங்க வந்து."

நான் கிளம்பும்போதும் அவர்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 30, செவ்வாய்

கோயம்புத்தூரில் காட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் நீர் தேங்கியிருக்கிறதாம். கத்தினால் கொஞ்சம் கேட்கும், மற்றதெல்லாம் தண்ணீருக்குள் இருப்பது போல. சளி பிடித்தால் இன்னும் மோசம். சின்னக் குழாய் வைத்து வடியவிட்டால் கேட்கும் என்று டாக்டர் சொன்னாராம். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டதற்கு, ஒரு வருடமாகக்கூட இருக்கலாம், அதற்கு முன்பே பேச்சு வந்துவிட்டது நல்லதாயிற்று என்றிருக்கிறார்.

"ஆடி கழியட்டும்ங்கறாங்க மாமியா," என்றாள் பூங்கொடி. கோபம் போகவில்லை, ஆனால் என்னிடம்தான் சொன்னாள். "ஆவணி பொறந்ததும் வச்சுக்கறோமுங்க."

உடனே செய்யுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு வாரம் தள்ளிப் போட்டவள் மற்றவருக்கு எந்த முகத்தோடு சொல்வது? அப்புறம் சொன்னேன். ஆவணிக்கு முன்னால் டாக்டரிடமும் தேதி இல்லை என்றாள்.

இப்போது மிதுனாவைத் தோளில் தொட்டு, முகத்துக்கு நேராக, உரக்கப் பேசுகிறேன். நன்றாகப் பழகிவிட்டது. வீட்டிலும் அப்படியே பேசுகிறேன் என்று அண்ணி காதைப் பொத்திக் காட்டுகிறாள்.

ஆகஸ்டு 7, புதன்

வந்தார்கள். பேசினேன். மிதுனாவைப் பற்றித்தான். தட்டு விழுந்த நாளிலிருந்து தறி நின்ற நாள்வரை. எங்கள் பேசாத கைகள் அவளுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தன, அந்தச் சௌகரியம் எதை மறைத்தது என்று.

வந்தவர்களில் மூத்தவர் கேட்டார், "அப்ப நீங்க பாத்தது கவனமே இல்லன்னு சொல்றீங்களா?"

"தெரியல மேடம். அவ விரல் கத்துக்கிட்டது நிஜம். மத்தத என்னால பிரிச்சுச் சொல்ல முடியல."

இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. எஸ்தர் மேடம் எனக்காக வாதாடினாராம். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்டு 22, வியாழன்

நேற்று மிதுனாவுக்குக் குழாய் வைத்து முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்ததும் அம்மாவின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாளாம். போனில் சொல்லும்போது பூங்கொடி அழுதாள். பின்னால் தறிச் சத்தம் இல்லை.

ஆகஸ்டு 28, புதன்

மிதுனா வந்துவிட்டாள்.

உருளைக் கட்டையை எடுத்தாள். மூன்று உருளை இறக்கியதும் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். எழுந்து போய் நாற்காலியைப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்வதற்குள் காகம் கத்தியது. ஜன்னலுக்குப் போனாள். ஒரு பையன் குவளையிலிருந்து தண்ணீர் ஊற்றினான். அவன் முன்னால் மண்டியிட்டு, குவளையைப் பார்க்காமல், விழும் தண்ணீரின் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள். அவன் முடித்ததும் "இன்னொருக்கா" என்றாள். அவனும் ஊற்றினான். மின்விசிறியைப் போட்டால் உதடு பிதுங்குகிறது, நிறுத்தினால் போடச் சொல்கிறாள். எந்த வேலையையும் முடிக்கவில்லை. விரித்த பாய் விரித்தபடி, எடுத்த பொருள் எடுத்த இடத்தில். அவளால் மற்றவர்களும் கலைந்தார்கள்.

எஸ்தர் மேடம் எட்டிப் பார்த்தார். "தவசி எங்கம்மா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் ஒரு கணம் பழைய மிதுனா வேண்டும் என்று இருந்தது. அசையாத அந்த முதுகு.

சாப்பாட்டுக்கு முன்னால் அவளருகே போனேன். பழக்கத்தில் தோளைத் தொட்டேன், முகத்துக்கு நேரே குனிந்தேன். "மிதுனா! பாயைச் சுருட்டி வை!"

அவள் திடுக்கிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பிறகு ஒரு கையை மட்டும் எடுத்தாள்.

"ஏங்க்கா கத்தறீங்க?"

கூடம் முழுக்கச் சிரித்தது. ஆஃப்ரின் எல்லோரையும் விட உரக்க. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று மிதுனா ஒவ்வொரு முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

நான் நிமிர்ந்து, நாலடி பின்னால் போய், அவளுக்குப் பின்பக்கம் நின்றேன். என் குரலை எங்கே வைப்பதென்று எனக்கே தெரியவில்லை.

"மிதுனா," என்றேன்.

"என்ன?" என்றாள், திரும்பாமலே.